கற்பூரம் நெருப்பு இல்லை, துவான்

ஓயாமல் "பத்திரம், பத்திரம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஆட்களைக் கண்டால் நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வேன். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. ஒரு காலத்தில் நானே அப்படிப்பட்ட ஆள். அதன் பலனை என் முகத்தில் இன்றும் பார்க்கலாம். இடது பக்கத்தில் எனக்குப் பாதிப் புருவம்தான் உண்டு. மீதிப் பாதி, ஜப்பான்காரன் காலத்தில், கிள்ளானில் ஒரு டாக்டர் வீட்டுக் கார்க் கொட்டகையில் போனது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். வீடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில். வெள்ளைக்காரன் இருந்தவரை அந்த ஊரிலேயே ஒரு ரேடியோக் கடையில் பேட்டரிகளுக்கு சார்ஜ் ஏற்றும் வேலை பார்த்தேன். (கரண்ட் இல்லாத வீடுகளில் ரேடியோ பேட்டரியில்தான் பாடும். பேட்டரி தீர்ந்தால் எங்களிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதனால் என்னை நானே ஒரு இன்ஜினியர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.) ஜப்பான்காரன் வந்ததும் ரேடியோக்களுக்கு சீல் வைத்துவிட்டான். கடை மூடியது. நான் வீட்டில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தேன்.

சும்மா இருப்பது அவமானம் மட்டும் இல்லை, அந்த வருஷம் அது ஆபத்தாகவும் இருந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாசாரில் நிற்பவனைப் பிடித்தார்கள், கள்ளுக்கடையில் இருப்பவனைப் பிடித்தார்கள், சும்மா தெருவில் போகிறவனையும் லோரியில் ஏற்றினார்கள். அவசியமான வேலையில் இருக்கிறான் என்று கையில் ஒரு துணிப்பட்டை கட்டியிருப்பவனை மட்டும் விட்டுவிடுவார்கள். என்னிடம் பட்டை இல்லை. அம்மா என்னை வாசலுக்குக்கூட விடமாட்டாள்.

இந்த நேரத்தில்தான் கிள்ளானிலிருந்து டாக்டர் தாமோதரன் ஆள் அனுப்பினார். அப்பாவின் இழுப்புக்குப் பல வருஷமாக மருந்து கொடுத்தவர். பெட்ரோல் கிடைக்காமல் அவர் தன் காரின் பின்னால் கரி அடுப்பு கட்டி, அந்தப் புகையில் வண்டியை ஓட்டிப் பார்த்திருக்கிறார். நோயாளி வீட்டில் போய் இறங்கினால் நோயாளியைவிட அவர்தான் அதிகமாக இருமினாராம். ஒரு மாதத்தில் அந்தக் காரை வெறுத்துவிட்டார். அப்புறம்தான் பந்திங் பக்கத்து எஸ்டேட் துரை ஒருவர் ஓடிப்போனபோது கொட்டகையில் விட்டுப்போன ஒரு பழைய வண்டி அவர் கைக்கு வந்தது. அது பேட்டரியில் ஓடும் கார்.

சிரிக்காதீர்கள், அந்தக் காலத்திலேயே அது பழைய வண்டி. அலமாரிக்குச் சக்கரம் வைத்தது போல உயரமாக, நான்கு பக்கமும் கண்ணாடியோடு இருக்கும். திருப்புவதற்கு வட்டமான ஸ்டியரிங் கிடையாது, ஒரு நீளமான கம்பிதான். துரையின் தாயார் கோயிலுக்குப் போக (அதாவது அவர்கள் மாதா கோயிலுக்கு) வாங்கியது என்று சொன்னார்கள். சொந்தப் பேட்டரிகள் எப்போதோ செத்துவிட்டன. எங்கள் அப்பா ரயில்வேயில் இருந்தவர். ரயில் பெட்டிகளில் விளக்கெரிக்க வைத்திருந்த பழைய பேட்டரிகள் கொஞ்சம் அவர் மூலமாகக் கிடைத்தன. எப்படிக் கிடைத்தன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

டாக்டர் என்னை உட்கார வைத்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்.

"வண்டிய ஓட வச்சிட்டா நான் எஸ்டேட்டுக்கெல்லாம் போயி சனங்களப் பார்க்க முடியும். ஆனா ஜப்பான் ஆபீசர் வந்து பார்த்து, வண்டி பத்திரமா இருக்குன்னு பெர்மிட் குடுக்கணும். பெர்மிட் கிடைச்சா வண்டியப் பார்த்துக்கிற ஆளுக்குக் கைப்பட்டை. இல்லாட்டி ரெண்டும் இல்ல. புரியுதாடா?"

நன்றாகப் புரிந்தது. அன்றே அவர் வீட்டுப் பின்கட்டில் பாயை விரித்துவிட்டேன்.

மறுநாள் காலையிலிருந்து அந்த வீட்டில் என் அதிகாரம் ஆரம்பமானது. எழுந்ததும் பேட்டரிகளின் மூடிகளைக் கழற்றி, உள்ளே தண்ணீர் தகடுகளுக்கு மேலே நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டும். டாக்டர் ஊசி மருந்துக்காக ஆவி பிடித்து இறக்கும் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். "மனுசனுக்கு இல்லாத தண்ணிய காருக்கு ஊத்துறான்" என்று டாக்டரம்மா முணுமுணுத்தார். பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டிவிட்டு வாஸ்லின் தடவ வேண்டும். வாஸ்லினுக்கு எங்கே போவது? செம்பனை எண்ணெயைத் தடவினேன். மறுநாள் எலி வந்து நக்கிவிட்டுப் போனது. மறுபடி தடவினேன், மறுபடி நக்கியது. அந்த எலிதான் அந்த வருஷம் கிள்ளானிலேயே கொழுத்திருந்த ஒரே ஜீவன்.

டயரைப் பற்றிக் கேட்காதீர்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரம். ரப்பரை வாங்க ஆள் இல்லாமல் பால் மரத்திலேயே காய்கிறது. ஆனால் கார் டயர் ஒன்றுகூடக் கிடையாது. பாளம் பாளமாக ரப்பர் ஷீட்டை வெட்டி டயருக்குள்ளே திணித்துத் தைத்தேன். பிரேக்குக்குப் பழைய சப்பாத்துத் தோல். சத்தமே போடாமல் பின்னால் வந்து நிற்கிற வண்டி என்பதால் ஒரு ரிக்‌ஷா மணியையும் கட்டினேன். ஒவ்வொன்றையும் தினம் தொட்டுப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, வாய்விட்டு "சரி" என்று சொல்வேன். யாருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நெருப்பு விஷயத்தில்தான் நான் எல்லாருடைய உயிரையும் வாங்கினேன். பேட்டரிக்கு சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஒரு வாயு கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இருக்காது. ஒரு பொறி பட்டால் வெடித்துவிடும். ரேடியோக் கடை முதலாளி எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமே அதுதான். எனவே கொட்டகையைச் சுற்றி அடுப்புக்கரியால் தரையில் ஒரு கோடு இழுத்தேன். இந்தக் கோட்டைத் தாண்டி நெருப்பு வரக்கூடாது என்று வீட்டில் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னேன். டாக்டரையும்தான்.

தோட்டக்காரர் வேலு அண்ணன் பாவம், பீடியை வாயில் வைத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் தலையைக் காட்டினாலே நான் கத்துவேன். டாக்டர் தன் வீட்டிலேயே சுருட்டைத் தெருவில் நின்று குடித்தார். என்னிடம் அதிகமாக மாட்டிக்கொண்டது எதிர்வீட்டு மீனாட்சி. அப்போது தீப்பெட்டி கிடைக்காது. ஒரு வீட்டில் அடுப்பு எரிந்தால் மற்ற வீட்டுக்காரர்கள் வந்து தணல் வாங்கிப் போவார்கள். மீனாட்சி தினம் காலையில் ஒரு பழைய பால் டின்னோடு டாக்டர் வீட்டு அடுப்படிக்கு வந்து, தணலோடு கொட்டகை ஓரமாகத் திரும்பிப் போவாள். அதுதான் குறுக்கு வழி.

"நெருப்ப எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வராதீங்க. அந்தப் பக்கமா சுத்திப் போங்க" என்றேன்.

"அந்தப் பக்கம் சேறுண்ணே."

"சேறு வெடிக்காது."

(ஆமாம், அப்போது அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். இதை எங்கள் வீட்டில் யாரும் இப்போது பேசுவதில்லை.) அன்று முதல் முழங்கால்வரை பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தணல் டின்னைக் கையில் ஏந்தி, வாழை மரங்களுக்குப் பின்னால் சேற்றில் இறங்கிச் சுற்றிப் போனாள். போகும்போது என்னைப் பார்த்த பார்வையிலேயே ஒரு பேட்டரி வெடித்திருக்கும்.

ஆபீசர் வரும் நாள் வந்தது. முதல் நாள் மாலையிலிருந்தே சார்ஜ் ஏற்றினேன். தேவைக்கு மேலேயே ஏற்றினேன், வண்டி ஜம்மென்று ஓடட்டும் என்று. (அதிகமாக ஏற்றினால் வாயுவும் அதிகமாக வரும். இதுவும் எனக்குத் தெரியும். தெரியாதது என்று ஒன்றுமே இல்லை, அதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம்.) சீட்டைத் தூக்கிவிட்டு, எல்லா மூடிகளையும் கழற்றி, தண்ணீர் மட்டம் பளிச்சென்று தெரிகிற மாதிரி வைத்தேன். காக்கி அரைக்கால் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டேன்.

ஆபீசர் குள்ளமாக இருந்தார், நீளமான வாள் தரையைத் தொட்டது. கூடவே மலாயும் ஜப்பான் மொழியும் தெரிந்த ஒரு சீன மொழிபெயர்ப்பாளர். நாங்கள் இடுப்பு ஒடியக் குனிந்து நிமிர்ந்தோம். நிமிர்ந்தபோது நான் பார்த்தது ஆபீசர் வாயில் புகைந்துகொண்டிருந்த சிகரெட்டை. அவருடைய பூட்ஸ் என் கரிக்கோட்டை மிதிக்கப் போனது.

ஜப்பான் ஆபீசரைக் கையை நீட்டித் தடுத்தவன் கிள்ளானில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். டாக்டர் முகத்தில் ரத்தமே இல்லை. நான் மொழிபெயர்ப்பாளரிடம் மலாயில் ஒரு பிரசங்கமே செய்தேன். இந்த வண்டியில் வாயு இருக்கிறது, நெருப்புப் பட்டால் வெடிக்கும், துவான் (அதாவது ஐயா) பெரிய மனிதர், துவானுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது, ஆகையால் சிகரெட்டை அணைத்துவிட்டுக் கோட்டுக்கு வெளியே நின்றே பார்க்கலாம் என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னார்.

 ஆபீசர் பாதி சிகரெட்டை நுனியில் கிள்ளி அணைத்து, மீதியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே போய் நின்றார். தலையை ஒரு முறை ஆட்டினார். அது மெச்சின ஆட்டல். எனக்குக் கைப்பட்டை கையில் ஏறிவிட்டது மாதிரியே இருந்தது. மணியை அடித்துக் காட்டினேன். பிரேக்கை அழுத்திக் காட்டினேன். ஒவ்வொரு மூடியாகச் சுட்டிக்காட்டித் தண்ணீர் மட்டத்தைக் காட்டினேன். இன்னும் வண்டியைத் தெருவில் இறக்கி ஓட்டிக் காட்ட வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

அப்போது டாக்டரம்மா பித்தளைத் தட்டோடு வந்தார். தட்டில் திருநீறு, குங்குமம், இரண்டு செம்பருத்திப் பூ, நடுவில் ஒரு கற்பூரக் கட்டி. எந்தக் காலத்துக் கற்பூரமோ, எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ. அடுப்படியிலேயே ஏற்றிவிட்டார்.

"வண்டி மொத மொத ரோட்டுல எறங்குது தம்பி. கற்பூரம் காட்டாம எறக்கக் கூடாது. நீதான பார்த்துப் பார்த்து செஞ்ச, நீயே காட்டு."

இந்த இடத்தில் நிறுத்தி என்னைத் திட்டிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. பீடியை விரட்டினேன். சுருட்டை விரட்டினேன். ஒரு பெண்ணைச் சேற்றில் நடக்கவிட்டேன். ஆபீசரின் சிகரெட்டையே அணைத்தேன். ஆனால் தட்டில் எரிந்துகொண்டு வந்த அந்தக் கற்பூரம் நெருப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது சாமி சமாச்சாரம். அதை யாராவது அணைப்பார்களா? நான் செருப்பைக் கழற்றிவிட்டு, பயபக்தியோடு தட்டை வாங்கி, என் கோட்டை நானே தாண்டினேன்.

வாங்கியதும் ஒரு சந்தேகம் வந்தது. மற்றக் கார்களுக்கு முன்னால் நின்று இன்ஜினுக்குக் காட்டுவோம். இதற்கு இன்ஜின் எங்கே? இந்த வண்டிக்கு உயிரே பேட்டரிதானே? அப்படியானால் பேட்டரிக்குத்தான் காட்ட வேண்டும். என்ன அறிவு பாருங்கள்.

கோட்டுக்கு வெளியிலிருந்து ஆபீசர் ஏதோ சொன்னார். அணைத்த சிகரெட்டால் என் தட்டைச் சுட்டிக்காட்டினார். மொழிபெயர்ப்பாளர் அவசரமாகக் கேட்டார், "துவான் கேட்கிறார், அது என்ன?"

அந்த ஆபீசருக்கு நம் பழக்க வழக்கம் தெரியவில்லையே என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. பொறுமையாகச் சிரித்தேன்.

"இது நெருப்பு இல்லை, துவான். கற்பூரம். சாமிக்கு."

சொல்லிவிட்டுத் திறந்த பேட்டரிகளுக்கு மேலே தட்டை ஒரு சுற்றுச் சுற்றினேன்.

சத்தம் கோயில் வேட்டு மாதிரிதான் இருந்தது, ஆனால் வேட்டுக்கு நாம் இவ்வளவு பக்கத்தில் நிற்கமாட்டோம். பேட்டரி மூடிகள் கூரையில் போய் அடித்தன. தட்டு பறந்தது. ரிக்‌ஷா மணி தானாக அடித்தது. திராவகம் முகத்தில் தெறித்து நான் அலறியதும், டாக்டர் ஓடிவந்து என் கழுத்தைப் பிடித்து மழைத்தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியதும் ஒரே நேரம். அமுக்குவார், தூக்குவார், கண்ணைத் திறடா என்பார், மறுபடி அமுக்குவார். இரக்கத்தில் அமுக்கினாரா ஆத்திரத்தில் அமுக்கினாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் வந்ததில்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தபோது ஆபீசர் நின்ற இடத்திலேயே நின்றார். நான் கோட்டுக்கு வெளியே நிற்க வைத்ததால் அவர் மேல் ஒரு துளி படவில்லை. தட்டிலிருந்து தெறித்த கற்பூரம் அவர் காலடியில், கோட்டுக்கு வெளியே, இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஆபீசர் மெதுவாகக் குனிந்தார். விரலிடுக்கிலிருந்த பாதி சிகரெட்டை வாயில் வைத்து, அந்தக் கற்பூரத்தில் பற்ற வைத்தார். ஓர் இழுப்பு இழுத்துவிட்டு ஏதோ சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "துவான் சொல்கிறார், இது நெருப்புதானாம்."

பிறகு ஆபீசர் என்னிடம் வந்து, காயம் படாத கன்னமாகப் பார்த்து ஓர் அறை விட்டார். இந்த வண்டி தெருவில் இறங்கக்கூடாது என்று உத்தரவிட்டுப் போய்விட்டார். (அந்தக் காலத்தில் நமக்கு வந்த கற்பூரத்தில் பாதி ஜப்பான்காரன் ஆட்சி செய்த தீவிலிருந்து வந்ததுதான் என்று டாக்டர் பின்னால் ஒருநாள் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.)

பெர்மிட் போனது, பட்டை போனது. அந்த வாரமே ஆள் பிடிக்கும் லோரி கிள்ளானுக்கு வருகிறது என்று செய்தி வந்தது. நான் பின்கட்டில் சுருண்டு படுத்திருந்தேன். புருவம் போனதோ தோல் வெந்ததோ எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சயாம் போக வேண்டும் என்ற பயம்தான். வாய்விட்டு அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன். டாக்டர் வந்து என் கண்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு பஞ்சும் துணியும் எடுத்து, இடது கண்ணை மூடித் தலையைச் சுற்றி ஒரு பெரிய கட்டுப் போட்டார்.

"உன் கண்ணுக்கு ஒண்ணும் ஆகலடா. ரெண்டும் நல்லாருக்கு. ஆனா நான் சொல்ற வரைக்கும் இந்தக் கட்ட அவுக்காத. ஒருத்தர்கிட்டயும் சொல்லாத. ஒங்க அம்மாகிட்டயும்தான்."

லோரி வந்தது. என்னை எழுப்பி நிறுத்தினார்கள். ஒரு கண் போய்விட்டது, மற்றதும் போகப்போகிறது என்று டாக்டர் கை விரித்தார். நான் நடித்தேன் என்று சொல்லமாட்டேன், உண்மையாகவே நடுங்கிக்கொண்டிருந்தேன். கண் தெரியாதவன் பாதை போட உதவமாட்டான் என்று விட்டுவிட்டார்கள். வேலு அண்ணனைக் கூட்டிப்போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. ஒரு பீடி குடிக்க விடாமல் அந்த மனிதரை நான் விரட்டிய விரட்டல் இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. அந்தக் கற்பூரம் மட்டும் ஒழுங்காக எரிந்திருந்தால் பெர்மிட்டோடு நான் தப்பியிருப்பேன், அது வெடித்ததாலும் தப்பினேன். அவருக்கு எந்த வழியும் இல்லை.

அதன் பிறகு ஜப்பான்காரன் போகும்வரை நான் ஒற்றைக் கண்ணனாகவே வாழ்ந்தேன். நல்ல கண்ணை மூடிக்கொண்டு நடப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? வாசல் நிலையில் இடித்துக்கொண்டேன், வாளியில் காலை விட்டேன், டாக்டரம்மாவின் கோழியை மிதித்தேன். இதையெல்லாம் எதிர்வீட்டிலிருந்து மீனாட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். வெடித்த அன்று அவள் வேலி ஓரம் தணல் டின்னோடுதான் நின்றாளாம். கத்தலாமா என்று நினைத்தாளாம். இவ்வளவு தெரிந்த மனிதர் தெரியாமலா செய்வார் என்று இருந்துவிட்டாளாம். அந்த மன உறுத்தலோ என்னவோ, நான் தெருவில் தடுமாறினால் ஓடிவந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள். அந்த வாழை மரத்துச் சேற்றையும் அப்படித்தான் தாண்டினேன். அண்ணே என்று கூப்பிடுவதை அவள் எப்போது நிறுத்தினாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. கல்யாணப் பேச்சு வந்து அவள் அப்பா கேட்டபோது, கண் இல்லாவிட்டால் என்ன, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாளாம்.

ஜப்பான்காரன் சரணடைந்தான் என்று உறுதியானதும் டாக்டர் கட்டை அவிழ்த்தார். நான் நேராக எதிர்வீட்டுக்கு ஓடினேன். மீனாட்சி என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நான் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனதெல்லாம்?"

 கல்யாணத் தேதி வைக்கிறவரை அவள் என்னிடம் பேசவில்லை.

பேசத் தொடங்கிய பிறகு இன்றுவரை நிறுத்தவில்லை. எங்கள் வீட்டில் யார் கார் வாங்கினாலும் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில்தான் பூசை. போன மாதம் பேரன் எடுத்த காருக்கும் அங்கேதான். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, சந்தனம் பூசியாயிற்று. ஐயர் தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு நான் நிற்கும் பக்கமாக வந்தார். பிள்ளைகள், மருமகள்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு மீனாட்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் ஏமாற்றவில்லை.

"சாமி, அங்க இவரு நிக்கிறாரு. நெருப்ப எடுத்துக்கிட்டு அந்தப் பக்கமா சுத்திப் போங்க" என்றாள்.